கோழித் தீவனத்தில் கலப்படம்

எங்கள் ஊரில் கிளப் ஒன்று தொடங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, அங்கே இட்லிக்குச் சட்னி மட்டும்தானா, சாம்பாரும் உண்டா என்பதுதான். பொள்ளாச்சிப் பக்கம் கிளப் என்றால் காபியும் பலகாரமும் விற்கிற கடை. எங்களுக்குப் பொள்ளாச்சிதான் பெரிய ஊர். கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் ரோட்டில் பாதி வழியில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர் வரும். வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் கேரளத்தில், பெண் எடுப்பதும் மாடு வாங்குவதும் தமிழ்நாட்டில் என்று வாழ்ந்துகொண்டிருந்த ஊர்.

இது இட்லிக் கிளப் இல்லை, சிறுவர் சிறுமியருக்கு விவசாயம் சொல்லித் தரும் கிளப் என்று கிராமசேவகர் வந்து விளக்கினார். பிளாக் ஆபீசிலிருந்து சைக்கிளில் வரும் இளைஞர் அவர். தெற்கே கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் அவருக்கு வாயில் வராது, காதில் ஏறும். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மலையாளமும் அப்படியே. இரண்டு தரப்பும் அவரவர் பாஷையில் பேசி, தலையை ஆட்டி, ஒருவழியாகக் கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் 'இளம் கர்ஷக கிளப்' என்று மலையாளத்தில் எழுதிய தகரப் பலகை ஏறியது. கர்ஷகன் என்றால் விவசாயி.

உறுப்பினர்கள் பதினான்கு பேர். அதில் பெண் நான் ஒருத்திதான். செயலாளரும் நான்தான். இதில் என் பெருமை அதிகம் இல்லை என்பது இப்போது தெரிகிறது. கூட்டக் குறிப்பு நோட்டை மலையாளத்தில் எழுத வேண்டும். பையன்களில் மலையாளம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான், அவனும் செயலாளர் வேலை பார்த்தால் பம்பரம் விட நேரம் இருக்காது என்று மறுத்துவிட்டான். ஆனால் பதினோரு வயதில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? பிளாக் ஆபீசே தேடி வந்து என்னைப் பொறுக்கி எடுத்ததாகத்தான் நினைத்தேன். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் ஒரு நெற்கதிரும் ஒரு கலப்பையும் இருந்தன. குளிக்கும் நேரம் தவிர அதை நான் கழற்றியதில்லை. வீட்டில் யாராவது என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசினால் வில்லையைத் தொட்டுக் காட்டுவேன். என் தம்பிகள் இருவரும் அதைப் பார்த்தாலே பின்வாசல் வழியாக ஓடுவார்கள்.

கிளப் முதலில் எங்களுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித்தந்தது. பிறகு எரு தயாரிக்கும் குழி. பிறகு கடலைக்கு விதை நேர்த்தி. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருடமாக உழுதுகொண்டிருந்த மனிதர் அவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "அப்படிங்களா அம்முணி" என்று கேட்டுக்கொள்வார். அந்த ஒற்றை 'ங்க'வுக்காகவே நான் தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கற்றதைக் காட்ட மழை வரவில்லை. இரண்டு வருடமாக எங்கள் பக்கம் மழை பொய்த்திருந்தது. கிணற்றில் ஏற்றம் தொடும் ஆழத்துக்குத் தண்ணீர் இல்லை. வயலில் நெல் போட்டு எத்தனையோ நாளாயிற்று. அப்போதுதான் கிராமசேவகர், வயல் இல்லாவிட்டால் என்ன, கோழி வளர்க்கலாம் என்று சொல்லி, ஆளுக்குப் பத்து வெள்ளைக் கோழிகள் கொண்டுவந்தார். செயலாளர் என்பதால் எனக்குப் பதினொன்று. லெகார்ன் என்ற சீமைக்கோழி, ஊர் வாயில் லக்கான் கோழி ஆனது. பால் போல வெளுத்து, சிவந்த கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து, நாட்டுக்கோழிகளுக்கு நடுவே கலெக்டர் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நடந்தன. அடை உட்காராது, குஞ்சு வளர்க்காது, முட்டை மட்டும் இடும். "பெத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காத சாதி" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து ஊரில் எங்கள் சங்கத்துக்குக் கோழிக் கிளப் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

லக்கான் கோழி குப்பையைக் கிளறித் தின்று வாழாது. அதற்கென்று தீவனம் வேண்டும். மக்காச்சோள மாவு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், இவற்றைக் கணக்காகக் கலந்த தூள். பிளாக் ஆபீசில் கொடுத்தது ஒரு மாதத்தில் தீர்ந்தது. அடுத்த சாக்கு வர நாளாயிற்று. அதற்குள் என் கோழிகளில் இரண்டு சுணங்கிப் படுத்துச் செத்துவிட்டன. இரண்டையும் எருக்குழிக்குப் பக்கத்தில் புதைத்து, நோட்டில் எழுதினேன். எழுதும்போது மை கலைந்ததற்குக் காரணம் வேர்வை என்று பையன்களிடம் சொன்னேன்.

பொள்ளாச்சியில் தீவனம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எல்லை தாண்டி எதைக் கொண்டுவந்தாலும் செக்போஸ்ட்டில் சோதிப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து அரிசி கொண்டுவரத் தடை இருந்த காலம் அது. பெரிய ரோட்டில் மட்டுமல்ல, எங்கள் ஊருக்கு வரும் குறுக்கு ரோட்டிலும் ஒரு மூங்கில் கம்பைக் குறுக்கே போட்டு, ஓலைக் கொட்டகை கட்டி, காக்கி உடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கிராமசேவகர் ஒரு கடிதம் எழுதி, வட்ட முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தார். கிளப்பின் கோழிகளுக்காக ஒரு சாக்குத் தீவனம் கொண்டுவரச் செயலாளருக்கு அனுமதி என்று அதில் இருந்தது. செயலாளர் என்ற இடத்தில் என் பெயர். கடிதத்தை எட்டாக மடித்து வில்லைக்குப் பின்னால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை, அம்மாவுக்கு மாடு. கூட யார் வருவது என்ற பேச்சு எழுந்தபோது, அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, "நானு போய்ட்டு வாரேன்" என்றார். எல்லோருக்கும் ஆச்சரியம். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவர். ஆள் பனைமரம் மாதிரி இருப்பார், நெல் மூட்டையை ஒற்றையாகத் தூக்குவார், ஆனால் பயம் என்றால் அப்படி ஒரு பயம். தபால்காரர் மணியடித்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஜாதிச் சான்றிதழுக்காக ஒரு முறை வில்லேஜ் ஆபீசுக்குப் போய், கேட்ட கேள்விக்குத் தன் பெயரையே மறந்துவிட்டவர். அப்படிப்பட்டவர் செக்போஸ்ட்டைத் தாண்டி வருகிறேன் என்கிறார் என்றால், என் கோழிகள் மேல் அவருக்கு அத்தனை பாசம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்கத்தை. கேட்டா நானு பேசிக்கறேன்" என்றேன்.

"உன்ன நம்பித்தான் அம்முணி வாரேன்" என்றார் அத்தை.

ஒரு சனி விட்டு ஒரு சனி போவோம். முட்டைகளைத் தவிட்டுக்குள் புதைத்த கூடையோடு காலையில் பஸ் ஏறுவோம். பொள்ளாச்சியில் இறங்கியதும் அத்தை என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை நிழலில் உட்காரவைத்து, கையில் ஒரு வடையைக் கொடுத்துவிட்டு, "தீவனக் கடைல தூசி, உனக்குத் தும்மல் வரும். சித்த இங்கயே இரு" என்று போவார். முட்டையை விற்று, தீவனச் சாக்கின் வாயைக் கட்டிக் கொண்டுவந்துவிடுவார். திரும்பும்போது எல்லைக்கு முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கு ரோட்டில் நடப்போம். மூங்கில் கம்புக்குப் பக்கத்தில் நான் முன்னால் போய்க் கடிதத்தை நீட்டுவேன். அங்கே எப்போதும் இருக்கிற வயதான காவலர் எழுத்தைப் படிக்க மாட்டார், முத்திரையைப் பார்ப்பார். சாக்கிலிருந்து வரும் கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பைத் தூக்கிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் சாக்கைப் பிரிப்பது அத்தையின் வேலை. உள்ளறையில் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு சலித்து, கட்டி தட்டி, மறுநாள் காலையில் உறுப்பினர்கள் பாத்திரத்தோடு வரும்போது படிப்படியாக அளந்து கொடுப்பார்.

அந்தச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சோறு இருக்கும். அதுவரை கேழ்வரகும் மரவள்ளிக் கிழங்குமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டில், சனி சாயங்காலம் பானை நிறையச் சோறு. அது நாலைந்து நாள் வரும். முட்டை விற்ற காசில் ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ரேஷன் கடைக்கு அரிசி வந்து மாதக்கணக்காகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செயலாளருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது.

ஒரு தடவை சின்னத் தம்பி, "சோத்துல கருவாட்டு வாசம் வருது" என்றான்.

"கருவாடே இல்லாம கருவாட்டு வாசம் வந்தா லாபந்தானே, தின்னு" என்றார் அம்மா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வில்லையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன். "ஒண்ணு தெரிஞ்சுக்கங்க எல்லாரும். இன்னைக்கு நம்மூட்ல சோறு போடறது என்ற கோழிங்கதான்."

அம்மா குனிந்துகொண்டார். அத்தையின் பெரிய மகள் புரையேறி இருமினாள். அப்பா மட்டும் நிமிர்ந்து, "அது என்னவோ நெசந்தான்" என்று சொல்லி இன்னொரு பிடி வைக்கச் சொன்னார்.

மூன்று மாதம் இப்படிப் போனது. நாலாவது மாதம் ஒரு சனிக்கிழமை, உச்சி வெயிலில், நாங்கள் குறுக்கு ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது அத்தையின் நடை தளர்ந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் புதிதாக ஓர் அதிகாரி. தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார். அவர் காலடியில் சின்னதும் பெரியதுமாகப் பத்துப் பதினைந்து துணிப்பைகள். எல்லாம் பிடிபட்ட அரிசி. பைக்காரப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சற்றுத் தள்ளிப் புழுதியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தியபடி அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்முணி" என்றார் அத்தை. குரல் உள்ளே போயிருந்தது. "காலு வலிக்குது. திரும்பி பஸ்ஸு ரோட்டுக்கே போயிரலாமா?"

"அங்க போயி?"

"சாக்க எங்கயாச்சும் வெச்சுட்டு நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

"கோழி நேத்துல இருந்து அரை வயித்தோட கெடக்குதுங்கத்தை. இன்னொரு நாளா? ஏற்கனவே ரெண்டு போயிருச்சு. நீங்க எதுக்குப் பயப்படறீங்க, நம்மகிட்டத்தான் கடுதாசி இருக்குதே."

அத்தை திரும்பிப் பார்த்தார். ரோடு வெறிச்சென்று கிடந்தது. அதற்குள் அதிகாரி எங்களைப் பார்த்துவிட்டார். இனித் திரும்பினால் காவலர் ஓடி வந்து பிடிப்பார். நான் அத்தையின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அந்த விரல் அவ்வளவு வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"எந்தா சாக்கில்?" என்று கேட்டார் அதிகாரி.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வயதான காவலரைப் போல் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு என்னை, என் வில்லையை, என் வெறுங்காலை வரிசையாகப் பார்த்தார்.

"நீயாணோ செக்ரட்டரி?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூட்டத்தில் அறிக்கை வாசிப்பது போல என் கிளப் மலையாளத்தில் ஆரம்பித்தேன். இது முட்டைக் கோழிகளுக்கான தீவனம். இதில் மக்காச்சோளம் பாதி, மீதியில் புண்ணாக்கும் தவிடும். கருவாட்டுத் தூள் போடாவிட்டால் முட்டை ஓடு மெலிந்து உடையும். கோழிக்குத் தீவனம் ஒரு நாள் தவறினால் முட்டை மூன்று நாள் தவறும். தயவுசெய்து எங்களைத் தாமதப்படுத்தக் கூடாது.

வயதான காவலர் சிரித்தேவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. சாக்கை இறக்கச் சொன்னார். அத்தை இறக்கினார். வாயைப் பிரிக்கச் சொன்னார். முடிச்சில் அத்தையின் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. நான்தான் குனிந்து பல்லால் கடித்து இழுத்துப் பிரித்துக் கொடுத்தேன்.

அதிகாரி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கருவாட்டு நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் முழங்கை வரை உள்ளே விட்டார். தேடுகிற கை சாக்கில் இங்குமங்கும் புடைப்பது வெளியிலிருந்து தெரிந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது. அங்கேயே இருந்தது. அத்தை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை அவர் மெதுவாக வெளியே எடுத்தார். புறங்கையிலும் மணிக்கட்டு ரோமத்திலும் மஞ்சள் தூள். அந்தத் தூளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஏழெட்டு அரிசிமணிகள். குருணை இல்லை, நல்ல முழு அரிசி.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்காரன் எங்களை ஏமாற்றிவிட்டான்! மக்காச்சோளத்துக்குப் பதிலாக வேறு தானியத்தைக் கலந்து தள்ளியிருக்கிறான். அதுவும் ஓர் அதிகாரியின் முன்னால் வெளிப்பட்டதில் கிளப்புக்கே அவமானமாக இருந்தது.

அதிகாரி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். ஆனால் கேட்டது என்னிடம். தணிந்த குரலில், பின்னால் இருந்த காவலருக்குக் கேட்காத மாதிரி.

"இது தின்னான் வீட்டில் எத்ர பேருண்டு?"

இதைத் தின்ன வீட்டில் எத்தனை பேர் என்கிறார். கோழியைப் போய் எத்தனை பேர் என்று மரியாதையாக விசாரிக்கிறாரே, படித்தவர்கள் பேச்சே தனி என்று நினைத்துக்கொண்டேன். செயலாளரிடம் புள்ளிவிவரம் தயாராக இருந்தது.

"ஒன்பது. முதலில் பதினொன்று. தின்னக் கொடுக்க இல்லாமல் இரண்டு மாண்டுபோய்விட்டது. நானே குழி தோண்டிப் புதைத்தேன்" என்றேன் மலையாளத்தில். சொல்லும்போது அந்த இரண்டின் சாய்ந்த கொண்டையும் ஞாபகம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு காரியம் செய்தார். கையில் ஒட்டியிருந்த அரிசிமணிகளைத் தரையில் தட்டவில்லை. சாக்கின் வாய்க்கு நேராகக் கையைப் பிடித்து, ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி உள்ளேயே உதிர்த்தார். ஒன்று விளிம்பில் தங்கியது. அதையும் உள்ளே தள்ளினார். சாக்கை அவரே முடிந்து, இரண்டாம் முடிச்சும் போட்டு, ஒரு கை பிடித்து அத்தையின் தலையில் ஏற்றிவிட்டார்.

"பொய்க்கோ" என்றார்.

போய்க்கொள் என்று அர்த்தம். பயத்தில் அத்தைக்கு அதன் முன்பாதி மட்டும்தான் காதில் விழுந்ததோ என்னவோ, பொய் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்து அங்கேயே நின்றுவிட்டார். "போகச் சொல்றாருங்கத்தை, வாங்க" என்று நான்தான் நெட்டித் தள்ளிக் கம்புக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தேன். புழுதியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டாள். என் மலையாளத்தைக் கேட்டு அசந்துவிட்டாள் என்று எண்ணி, நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

வளைவு திரும்பியதும் அத்தை சாக்கை ஒரு வரப்பில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார். கூர்ந்து பார்த்தால் அழுகையும் இருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"பாத்தீங்களா? நெசத்தப் பேசுனா ஆருக்கும் பயப்பட வேண்டியதில்லைங்கத்தை."

"ஆமாஞ் சாமி."

"இனி தபால்காரரு வந்தாக்கூட ஓடி ஒளியக் கூடாது."

"ஒளிய மாட்டேன் கண்ணு."

"அந்தக் கடைக்காரன் தீவனத்துல அரிசியக் கலந்திருக்கான். நீங்க பாத்தீங்களா?"

அத்தையின் சிரிப்பு நின்றது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "பாத்தேன் அம்முணி. நாலு பருக்கை. எப்படியோ உழுந்திருக்கும். உட்டுரு."

"எப்படி உடறது? கோழிக்கு அரிசி சேராது. கிளப்புல எழுதி வெக்கப் போறேன்."

"எழுதித்தான் ஆகோணுமா?"

"செயலாளருங்க நானு."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வில்லை கோணலாக இருந்ததை நேராக்கிவிட்டு எழுந்து, "செரி. உனக்கு நாயம்னு பட்டா எழுது" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எழுதிவிட்டேன். அரைப் பக்கம். பொள்ளாச்சிக் கடையில் வாங்கும் தீவனத்தில் முழு அரிசி கலப்படம் செய்யப்படுகிறது. செக்போஸ்ட் அதிகாரி சோதிக்கும்போது அது நேரில் காணப்பட்டது. கிளப் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். என் மலையாளக் கையெழுத்து அதைவிட அழகாக ஒருநாளும் அமைந்ததில்லை.

கிராமசேவகர் நோட்டை வாங்கி, வழக்கம்போலக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டே படித்தார். படித்து முடித்தபோது பேனாவை மூடிவிட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பையன்கள் வெளியே எருக்குழி வேலையில் இருந்தார்கள். அவர் எழுந்து ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அத்தைக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். அப்பா இந்த வருடம் என்ன விதைத்தார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னேன்.

இனிமேல் நானும் அத்தையும் அலைய வேண்டாம், தீவனத்தைப் பிளாக் ஆபீஸ் ஜீப்பிலேயே கொண்டுவர ஏற்பாடு செய்கிறேன் என்றார். நான் கைதட்டினேன். பிறகு, எழுதிய பக்கத்தை எடுத்துவிட்டு வேறு மாதிரி எழுதச் சொன்னார். செயலாளர் அலைவது சிரமமாக இருப்பதால் இனித் தீவனம் ஜீப்பில் வரும் என்று மட்டும் எழுதினால் போதும் என்றார்.

"அப்போ கலப்படம்? அதுதானே உண்மை?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் அன்றைக்குப் போல ஒரு களைப்பை நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத மனிதர். "இதும் சத்யம் தன்னெ" என்றார். இதுவும் உண்மைதான்.

எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்தேன். பழைய பக்கத்தை அவர் நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரன் மேல் நடவடிக்கை எடுக்கத்தான் கொண்டுபோகிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

விஷயம் எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. அத்தையின் சின்ன மகளுக்குக் கல்யாணம் முடிந்து, பந்தி ஓய்ந்து, பெண்கள் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மத்தியானத்தில், அத்தை அந்த அதிகாரி மாதிரியும் என் மாதிரியும் மாறி மாறிப் பேசிக் காட்டினார். சாக்கின் நடுவில் துணிப்பையில் கட்டி வைத்த அரிசி, அன்றைக்கு முடிச்சு அவிழ்ந்துவிட்ட பை, எல்லாம் வந்தது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அதிகாரி என் ஒன்பதையும் பதினொன்றையும் கோழி என்று எடுத்துக்கொண்டாரா, ஆள் என்று எடுத்துக்கொண்டாரா என்று நான் அத்தையிடம் கேட்டேன். "அத நானு எங்கீங்க கண்டேன்" என்றார் அத்தை. நான் கல்யாணமாகிப் போனதிலிருந்து என்னையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

ஆனால் அதெல்லாம் பின்னால். ஜீப் முதல் தடவை வந்த சனிக்கிழமை எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. தைத்த வாய் பிரியாமல், பிளாக் ஆபீஸ் சீட்டு ஒட்டிய சாக்கு எங்கள் வாசலில் இறங்கியது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் நீட்டிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். சாக்கைப் பிரித்து எல்லோர் முன்னாலும் கையை விட்டுத் துழாவிக் காட்டினேன். ஒரு அரிசிமணிகூட இல்லை.

அன்று சாயங்காலம் தட்டில் மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் இருந்தன.

"சோறு?" என்றான் சின்னத் தம்பி.

அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தார். "மழை வரட்டும் சாமி" என்றார்.

இந்த வீட்டில் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வெயிலுக்குக் கோழிகள் முட்டையைக் குறைத்திருக்கின்றன, அதனால்தான் சோறு இல்லை என்றேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்றேன். "இப்பத்தான் கலப்படமில்லாத நல்ல தீவனமா வருதே. ரெண்டே வாரம். எல்லாஞ் செரியாப் போயிரும்."

அப்பா தலையை ஆட்டினார். "அம்முணி சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார்.

அத்தை தன் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து, சட்னியில் தோய்த்து என் தட்டில் வைத்தார். கடைக்காரனை ஜெயித்த செயலாளருக்கு வீடு செய்கிற மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, முழுவதையும் தின்றேன்.